ஆகாயத்து வேலி

முருங்கையிலை ஒன்று மின்விசிறிக் காற்றில் மிதந்துபோய் ராணுவத்துக்குச் சொந்தமான இடத்தில் விழுந்தது. மங்களேஸ்வரி அதை எடுக்கக் கையை நீட்ட, "அம்மா, அதுக்குள்ள போகாதேங்கோ, சுட்டுப் போடுவாங்கள்" என்றாள் மகள் ஆரபி, தலையை நிமிர்த்தாமலே. பகிடிதான், அது தெரியும், இருந்தாலும் நீட்டிய விரல் அந்தரத்திலேயே நின்றுவிட்டது. சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியில் பழைய பேப்பர் விரித்து, வறைக்கு உருவ வேண்டிய முருங்கைக் கொப்புகள் கிடந்தன. மறு பாதியில் சிட்னி நகரம் கிடந்தது. நகரம் என்றால் தெருவும் கடையும் போட்ட படம் இல்லை, நகரத்துக்கு மேலே இருக்கிற ஆகாயத்தின் படமாம். நீலத்திலும் சிவப்பிலும் வட்டங்கள், வட்டங்களை வெட்டுகிற கோடுகள், கோடுகளுக்கு நடுவே குட்டி குட்டி இலக்கங்கள். அந்தக் கிறுக்கலுக்குள்ளால்தான் நாளைக் காலை ஆரபி ஒரு சின்னப் பிளேனை ஓட்டிக்கொண்டுபோய், துறைமுகத்துக்கு மேலே, பாலத்தையும் ஒப்பேரா ஹவுஸையும் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பப் போகிறாள். யாருக்குக் காட்ட? மங்களேஸ்வரிக்குத்தான். அறுபதாவது பிறந்தநாள் பரிசு. முன் ஆசனம், மகளுக்குப் பக்கத்தில். வேண்டாம் என்று சொல்வதென்றால் இன்றைக்குச் சொல்ல வேண்டும், இந்தக் கீரை உருவி முடிவதற்குள் சொல்ல வேண்டும் என்று காலையில் பல் தீட்டும்போதே தீர்மானித்திருந்தாள். கொப்பு குறைந்துகொண்டே வந்தது, சொல்தான் வரவில்லை.

ஆரபி பிளேன் லைசன்ஸ் எடுத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தகப்பன் தவராசா இரண்டு தரம் பறந்துவிட்டார், பறந்ததைக் கோயிலில் இருபது தரம் சொல்லிவிட்டார், இப்போதெல்லாம் ரோட்டில் கார் ஓட்டும்போதுகூட மேலே பார்த்து "காத்து மேக்கால அடிக்குது" என்கிறார். இன்றைக்கும் மீன் வாங்கப் போன இடத்தில் அந்தக் கதைதான் ஓடிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் இரண்டு விளைமீன் வாங்க இவ்வளவு நேரமா? மங்களேஸ்வரிக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று வந்து குறுக்கே நின்றது. முதல் தரம் கோயில் தேர். பிறகு பல்லு வலி. பிறகு வெள்ளிக்கிழமை விரதம், வெறும் வயிற்றோடு மேலே போகக் கூடாதாம், யார் சொன்னது, அவளே சொன்னதுதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இனிச் சொல்லக் கூடத்தில் கோணல் ஒன்றும் மிச்சம் இல்லை. அதோடு இன்னொரு பயமும் இருந்தது, அது பிளேன் பயத்தைவிடப் பெரியது. வரேல்லை என்றால் ஆரபி சண்டை பிடிக்க மாட்டாள். முகம் ஒருதரம் சுருங்கி விரியும், "சரி அம்மா, பரவாயில்லை" என்பாள், இந்தப் படத்தை நாலாக மடிப்பாள், பிறகு எந்தக் காலத்திலும் கேட்க மாட்டாள். பிள்ளைகள் கேட்பதை நிறுத்திவிடுகிற ஒரு நாள் வரும், அது வந்தது தாய்மாருக்குத் தெரியாது, வேறு ஏதோ கறிக்கு உப்புப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். சரி, ஏறிவிடலாம், பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிடலாம். ஏறி, நடுக் கடலுக்கு மேலே போனபிறகு உடம்பு சொல் கேட்காவிட்டால்? மகளின் கையைப் போய்ப் பிடித்துவிட்டால்? ஓட்டுகிற கை அல்லவா அது.

அந்தக் கை இப்போது ஒரு நீளமான அடிமட்டத்தை நகர்த்திக் கோடு போட்டது. வெங்காயம் வெட்டச் சொன்னால் அரை மணித்தியாலம் எடுத்து விரலையும் சேர்த்து வெட்டுகிற கைதான். கோடு போடும்போது அதற்கு வேறு புத்தி வந்துவிடுகிறது. பென்சில் ஓர் இடத்தில் நின்றது, கொஞ்சம் யோசித்தது, போட்ட கோட்டை அழித்துவிட்டுத் தள்ளிப் போட்டது. "ஏன் பிள்ளை அழிக்கிறாய்? நேராத்தானே கிடந்தது." "நேர் சரி அம்மா. ஆனா ஆமிக்காரன்ர எல்லைக்குப் பக்கத்தால போகுது. காத்து தள்ளினா உள்ளுக்கப் போயிடுவன். அதுதான் ஒரு மைல் விட்டுப் போறன்." மங்களேஸ்வரி கொப்பைக் கீழே வைத்துவிட்டாள். யாழ்ப்பாணத்து வயிற்றில் வந்த பிள்ளை, எல்லையில் ஒரு மைல் விட்டுக் கொடுக்கிறது! அவளைப் பெற்ற ஐயா ஒரேயொரு கதியாலுக்காகப் பக்கத்துக் காணிக்காரரோடு பதினொரு வருஷம் வழக்காடியவர். கதியால் என்றால் என்ன, வேலிக்கு நடுகிற ஒரு பூவரசந் தடி. மழைக்காலத்தில் வேலி அடைக்கிற சாட்டில் மற்றவன் ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டான் என்று கோர்ட்டு, வாதாட ஓர் அப்புக்காத்து, நில அளவைக்காரர். கடைசியில் தீர்ப்பு வந்தபோது வேலியும் இல்லை, பக்கத்துக் காணிக்காரரும் இல்லை, ஆமி வந்து இரண்டு காணியையும் சேர்த்து முள்ளுக்கம்பி அடித்திருந்தது. ஐயா அந்தத் தீர்ப்பை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு நெஞ்சு நோகும். ஆகாயத்தில்தான் வேலி இல்லை என்று அந்தக் காலத்தில் எல்லோரும் சொல்வார்கள், ஆகாயத்திலிருந்துதான் எல்லாம் வந்து விழுந்ததும். இங்கே பார்த்தால் மேலேயும் வேலி. பெரிய விமான நிலையத்துக்கென்று ஆகாயத்தைத் தட்டுத் தட்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்களாம். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சொந்தக்காரர், பெரிய பிளேன்கள் மேல் தட்டில், சின்னதுகள் அடித்தட்டுக்கும் கீழே, கோழி குனிந்து போகிறது போல் போக வேண்டும். ஒரு பக்கம் ஆமி, ஒரு பக்கம் விமானப்படை, ஒரு பக்கம் அணு உலை, நடுவில் போக ஒரு சந்து. சந்துக்குள் போகிறவனும் வருகிறவனும் அவரவருக்கு வலப்பக்கம். இத்தனை வேலியையும் மனதில் வைத்துக்கொண்டு ஒருத்தருடைய காணிக்குள்ளும் கால் வைக்காமல் போய்வரத் தன் மகளுக்குத் தெரியும். ஐயா இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள், பிறகு, இருந்தால் அந்த ஒரு மைலை ஏன் விட்டாய் என்று கேட்டிருப்பார் என்றும் நினைத்தாள்.

"இந்தப் பச்சைப் புள்ளியெல்லாம் என்ன?" என்று கேட்டாள், வேறு எதையாவது கேட்டுக்கொண்டிருந்தால் அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருக்கலாம். "எஞ்சின் நிண்டா இறங்கிற இடங்கள்" என்றாள் ஆரபி, கடைக்குப் போனால் பால் வாங்குகிற இடம் என்கிற அதே குரலில். "இது கோல்ஃப் மைதானம். இது பள்ளிக்கூட மைதானம், ஞாயிற்றுக்கிழமை சனம் விளையாடும், அதால ரெண்டாவதாத்தான் வச்சிருக்கிறன். இது கடற்கரை, தண்ணி வத்துற நேரமா இருந்தா நல்லம், நாளைக்கு அந்த நேரம் வத்துதான்." ஐயோ முருகா. கலியாணத்துக்கு மண்டபம் பார்க்கிற மாதிரி விழுவதற்கு இடம் பார்த்து வைத்திருக்கிறாள்! நல்ல விஷயம் பேசும்போது கெட்ட சொல் வாயில் வரக் கூடாது என்று வளர்ந்த வீடு இது. பயணம் வெளிக்கிடும்போது "போறன்" என்றுகூடச் சொல்லக் கூடாது, "போட்டு வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும். இந்தப் பிள்ளை என்னவென்றால் கெட்டது நடக்கக்கூடிய ஒவ்வோர் இடத்தையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, மேசையில் இருத்தி, நீ இதற்கு மேல் வரக் கூடாது என்று கோடு போடுகிறது. மங்களேஸ்வரி தன் வயதில் பார்த்த கெட்டதெல்லாம் பேர் சொல்லாமல் வந்தவை. ஆரபியின் பச்சைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள். எண்ணி முடிந்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது, உடனேயே அது எங்கோ போயும்விட்டது. இலை உருவின விரல் பட்டுப் படத்தில் பச்சையாக ஒரு கறை விழுந்திருந்தது. "ஐயோ, இதுவும் இறங்கிற இடம் எண்டு நினைச்சுப் போடாத பிள்ளை" என்று அவசரமாகச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். ஆரபி சிரித்தாள்.

சிரிப்பு அடங்கும்போது வெளியே, எங்கோ தூரத்தில், ஒரு சத்தம் கிளம்பியது. மங்களேஸ்வரியின் முதுகு அதை முதலில் கேட்டது, காது பிறகுதான். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் புல் வெட்டுகிறான். புல் வெட்டுகிற மெஷின், வேறொன்றும் இல்லை, அது எழுந்து வராது, அது இந்தப் பக்கம் திரும்பாது. முப்பது வருஷமாக இந்த நாட்டுச் சத்தங்களை ஒவ்வொன்றாக இனம்பிரித்து வைத்திருக்கிறாள். இது புல் வெட்டுவது, இது இலை ஊதுவது, இது பொலிஸ் ஹெலி, இது குப்பை லொறி. அங்கே, ஊரில் இருந்தபோதும் வீட்டுக்குக் காது அவள்தான். பொம்பர் என்றால் சத்தத்துக்கு முன் அது வந்துவிடும், செய்ய ஒன்றும் இல்லை. ஹெலி சடசடக்கும். சகடை என்று ஊர் பேர் வைத்த அந்தக் கிழட்டுப் பிளேன் மட்டும் ஆற அமர முனகிக்கொண்டு வரும், அதற்குத்தான் நேரம் இருக்கும், அந்த நேரம்தான் பொல்லாதது. முற்றத்தில் நின்று பார்க்க வேண்டும், மூக்கு எந்தப் பக்கம் என்று. மூக்கு அந்தப் பக்கம் என்றால் சோறு வடிக்கலாம். இந்தப் பக்கம் திரும்பினால் பங்கர்க் குழிக்குள் ஓட்டம். எதிர்வீட்டு அன்னம்மாக்கா எப்போதும் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டுதான் வருவா, செத்தாலும் வயிறு நிறையச் சாவம் என்று, ஈர மண்ணில் மரவட்டை ஊர, எல்லோரும் கையால் தொட்டுத் தின்றிருக்கிறார்கள். குப்புறப் படு, காதைப் பொத்து, வாயைத் திற, வாய் மூடியிருந்தால் காது வெடிக்கும். ஒருநாள் அன்னம்மாக்கா சட்டியோடு வந்து சேரவில்லை. குழம்பு மணம் மட்டும் ஒழுங்கை முழுக்க நின்றது. அதற்குப் பிறகு புளி விட்ட குழம்பு என்றால் இன்னும் மங்களேஸ்வரிக்கு இறங்காது, தவராசாவுக்கு அது ஏன் என்று தெரியும், ஆரபிக்கு அம்மாவுக்குப் புளி ஒத்துவராது என்று மட்டும் தெரியும். இங்கே பிறந்த பிள்ளைக்கு அதையெல்லாம் ஏன் சொல்ல வேண்டும்? பிளேன் என்றால் அதற்கு வடிவான சாமான். ஐந்து வயதில் விமான நிலைய வேலியைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு வரமாட்டேன் என்று உருண்டு அழுத பிள்ளை.

போன மாசி மாதம் ஆரபி ஓட்டிய பிளேன் வீட்டுக்கு மேலாலேயே வந்தது. வடக்கே போகிற சந்து இந்த வீட்டுக்கு மேலால்தான் போகிறதாம், "பதினொரு மணிக்கு முத்தத்தில நில்லுங்கோ, தெரியும்" என்று ஆரபி சொல்லியிருந்தாள். நின்றாள், சத்தியமாக நின்றாள், உடுப்புக் காயப்போட்டபடி நின்றாள். முனகல் கேட்டது. ஆற அமர வருகிற முனகல். மூக்கு இந்தப் பக்கம். என் பிள்ளை, அது என் பிள்ளை, என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கவே கால் உள்ளே ஓடிவிட்டது. இதே மேசைக்குக் கீழ், முழங்கால் நெஞ்சில் இடிக்க, காதைப் பொத்தி, வாயைத் திறந்துகொண்டு கிடந்தாள். வெளியே தவராசா துவாயைச் சுழற்றி "ஆரபீ, ஆரபீ" என்று கத்தியது கேட்டது. பின்னேரம் போன் வந்தது. "கண்டனீங்களே அம்மா? கை காட்டினனீங்களே?" "கண்டனான் பிள்ளை, வடிவா இருந்தது, காட்டினனான்" என்றாள். பிள்ளையின் பிளேன் வடிவாகத்தான் இருந்திருக்கும், அதில் பொய் இல்லை. ஆனால் தன் பிள்ளையைக் கண்டு தானே ஓடி ஒளித்த வெட்கம் அவளைவிட்டுப் போகவில்லை. இந்தப் பரிசுகூட அந்தக் கை காட்டலில் முளைத்ததுதான், அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது என்று பிள்ளை நம்பியிருக்கிறது.

"நாளைக்கு மூடினா?" என்று கேட்டாள். "முகில் இறங்கினாப் போகேல்லை" என்றாள் ஆரபி. "போகாம விடுறதும் பிளான்தான் அம்மா. போகோணும் போகோணும் எண்டு போறவைதான் விழுறவை." அப்படியா! முருகா, ஒரு சின்ன முகில், பெரிதாக வேண்டாம், துறைமுகத்துக்கு மேலே மட்டும் ஒரு பஞ்சு, உனக்கு ஒரு அர்ச்சனை. கேட்டு வாய் மூடவில்லை, மகள் வெள்ளிக்கிழமை முழுக்க இந்தப் படத்துக்கு முன் குனிந்திருந்த முதுகு கண்ணில் வந்தது. இல்லை முருகா, நான் கேட்கவில்லை, அழித்துவிடு, வானம் வெளிக்கட்டும். பிறகு, வெளித்தாலும் காற்றடிக்கலாமே என்று ஒரு குறுக்குப் புத்தி. கடவுளே தலையைச் சொறிந்திருப்பார். கடைசிக் கொப்பு கையில் இருந்தது. அதில் இலை கொஞ்சம்தான் இருந்தது.

ஆரபி அடிமட்டத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அம்மா, ஒரு உதவி. ரேடியோவில கதைக்கிறதைப் பழகிப் பாக்கோணும். நீங்க கொன்ட்ரோல், சரியே? துறைமுகம் உங்கட கையில. நான் வெளியில நிண்டு உள்ள வரலாமோ எண்டு கேப்பன். தமிழிலயே சொல்லுங்கோ." தான் துறைமுகத்துக்குச் சொந்தக்காரி ஆகிவிட்டதில் மங்களேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. "நான் என்னண்டு சொல்லுறது?" "முதல்ல 'நில்' எண்டு சொல்லுங்கோ. பிறகு 'இல்லை' எண்டு சொல்லுங்கோ. இல்லை எண்டா நான் என்ன செய்யிறன் எண்டு பாக்கத்தான். நீங்க சொல்லுறதை நான் அப்பிடியே திருப்பிச் சொல்லுவன். அதுதான் முறை. திருப்பிச் சொன்னாத்தான் கேட்டது சரி எண்டு அவைக்குத் தெரியும், ஒரு சொல்லும் பிசகக் கூடாது." ஆரபி ஒரு கரண்டியை எடுத்து வாய்க்கு முன் பிடித்தாள், குரலும் மாறிவிட்டது, ஓர் உத்தியோகக் குரல், உறுதியான குரல், தன் வயிற்றிலிருந்து வந்ததா இது என்று மங்களேஸ்வரி வாய் பார்த்தாள். "கொன்ட்ரோல், கடற்கரை முனையில நிக்கிறன், ஆயிரத்தைஞ்ஞூறு அடி, ரெண்டு பேர். துறைமுகத்துக்குள்ள வரலாமோ?" "நில்." "நிக்கிறன். முனையில சுத்திக்கொண்டு நிக்கிறன்." ஆரபியின் விரல் படத்தில் ஒரு சின்ன வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவசரம் இல்லை, கெஞ்சல் இல்லை, கோபம் இல்லை. "இப்ப இல்லை எண்டு சொல்லுங்கோ அம்மா." "இல்லை" என்றாள் மங்களேஸ்வரி. "இல்லை. உள்ள வரேல்லை. கடற்கரையால திரும்பிப் போறன்." விரல் திரும்பிப் போகத் தொடங்கியது. அந்த விரல் அவ்வளவு பணிவாகத் திரும்பிப் போனதுதான் அவளைக் குலைத்தது. "இல்லை" என்றாள் மறுபடி, இது விளையாட்டில் இல்லாத இல்லை. "இல்லைப் பிள்ளை, எனக்குப் பயமாக் கிடக்கு."

கரண்டி இன்னும் வாய்க்கு முன்தான் இருந்தது. ஆரபி தாயைப் பார்த்தாள். பிறகு, பழக்கத்திலோ வேண்டுமென்றோ, மெதுவாக, "பயமாக் கிடக்கு" என்றாள். "அண்டைக்கு நான் உன்ர பிளேனைப் பாக்கேல்லை. கை காட்டேல்லை." "பாக்கேல்லை. கை காட்டேல்லை." "மேசைக்குக் கீழ கிடந்தனான். சத்தம் கேட்டா எனக்கு இன்னும்... அந்த நாளையில பிளேன் வந்தா ஆக்கள் செத்தவை பிள்ளை. எதிர்வீட்டு அன்னம்மாக்கா செத்தவா." ஆரபி அதையும் திருப்பிச் சொன்னாள், கேள்வி கேட்காமல், ஐயோ அம்மா என்னாமல், ஏன் முதலே சொல்லேல்லை என்னாமல், ஒவ்வொரு சொல்லாக, அன்னம்மாக்காவின் பேரையும் ஒரு பிழை இல்லாமல். முப்பது வருஷமாக அந்தப் பேரை இந்த வீட்டில் யாரும் உரத்துச் சொன்னதில்லை. தான் சொன்னது அப்படியே இன்னொரு வாயிலிருந்து வரக் கேட்டபோது, அது நடந்ததுதான், தான் பைத்தியம் இல்லை என்று மங்களேஸ்வரிக்கு இருந்தது. சொல்லி முடித்துக் கரண்டியை மேசையில் வைத்துவிட்டு, "எனக்கும் பயம் அம்மா" என்றாள் ஆரபி. உத்தியோகக் குரல் போய்விட்டிருந்தது. "ஒவ்வொரு தரமும் பயம். ராத்திரி நித்திரை வராது. அப்பாவுக்குச் சொன்னா கோயில் முழுக்கச் சொல்லுவார், அதால சொல்லுறேல்லை. பயம் இல்லாட்டி இவ்வளவையும் ஏன் கீறிக்கொண்டிருக்கிறன்?"

மங்களேஸ்வரி படத்தைப் பார்த்தாள். பச்சைப் புள்ளிகள், அழித்து அழித்துப் போட்ட கோடு, எல்லைக்கு விட்ட ஒரு மைல். தைரியசாலி, தைரியசாலி என்று தான் வியந்துகொண்டிருந்தது இதையா? இது ஒரு பயந்த பிள்ளை, தன் பயத்தை உட்கார வைத்து வேலை வாங்குகிறது. தான் பங்கருக்குள் வாயைத் திறந்துகொண்டு கிடந்தாள், இவள் படத்தை விரித்துப் பென்சிலைக் கூராக்குகிறாள். பெருமை பொங்கிக்கொண்டு வந்தது, முன்னே இருந்ததைவிடப் பெரிய பெருமை, அதில் பயமும் குறையாமல் அப்படியே கிடந்தது. குறையாமலே கிடக்கட்டும். ஆரபி படத்தை மடிக்கக் கை வைத்தாள். "பரவாயில்லை அம்மா, நாளைக்கு நாங்க பூங்காவுக்குப் போவம்" என்றாள், முகம் சுருங்கி விரிந்தது, தாய் பயந்த அதே மாதிரி. "மடிக்காத" என்றாள் மங்களேஸ்வரி. "திரும்பக் கேள்." "என்னத்தை?" "முனையில நிண்டு கேட்டியே, அதை." ஆரபி கரண்டியை எடுக்கவில்லை. வெறும் வாயால், சின்னக் குரலில் கேட்டாள். "கொன்ட்ரோல், உள்ள வரலாமோ?" அவசரப்பட்டுச் சொல்கிற விஷயம் இல்லை இது. புல் வெட்டுகிற சத்தம் வேலியோரமாக நெருங்கி வந்தது, மங்களேஸ்வரியின் முதுகு அதைக் கேட்டது, கேட்கட்டும் என்று விட்டாள். "உள்ள வா" என்றாள். "நானும் வாறன். ஆனா நடுவில நான் பயந்து உன்ர கையைப் பிடிச்சா, தட்டி விட்டுட்டு ஓட்டு." இதை ஒரு சொல் பிசகாமல் ஆரபி திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும், அதுதான் முறை. அவளோ மேசைக்கு மேலால் எட்டித் தாயின் கையை, முருங்கைச் சாறு ஒட்டின கையை, கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.